கணினிப் பக்கம்: வலப்பக்கம் மாற்றியது எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்

இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல், நடுவில் அம்புக்குறிப் பொத்தான்கள். இருப்பவற்றிலிருந்து வேண்டியவற்றை மட்டும் வலப்பக்கம் மாற்றித் தேர்ந்தெடுக்கும் இந்தத் திரை அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து, அன்றாடம் இந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எழுதிய கடிதங்கள் வந்துள்ளன. எல்லாமே விரிவான பதிலுக்குரிய கேள்விகள் என்பதால் இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கன்டெய்னர் போக்குவரத்து அலுவலக ஊழியர், திருவொற்றியூர்:
யார்டில் காத்திருக்கும் கன்டெய்னர்கள் எங்கள் மென்பொருளில் இடப்பக்கமும், அன்றைய நடைக்கு ஒதுக்கியவை வலப்பக்கமும் இருக்கும். எட்டு கன்டெய்னர்களை வலப்பக்கம் மாற்றிச் சேவ் கொடுத்தால் சில நேரம் ஒன்று மட்டுமே பதிவாகிறது. சில நேரம் எதுவுமே பதிவாவதில்லை. மென்பொருளை எழுதியவரோ நாங்கள் சரியாக அழுத்தவில்லை என்கிறார். தவறு யாருடையது?

உங்களுடையது அன்று. இந்தத் திரை அமைப்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது இந்தக் கோளாறும். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களே காரணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

வலைப்பக்கங்களில் இப்படிப்பட்ட பட்டியலைப் பெரும்பாலும் எச்.டி.எம்.எல். மொழியின் 'செலக்ட்' என்னும் உறுப்பைக் கொண்டே உருவாக்குகிறார்கள். அந்த உறுப்புக்கு ஒரு விதி உண்டு. படிவத்தைச் சர்வருக்கு அனுப்பும்போது, பட்டியலில் இருக்கும் வரிகள் அனைத்தும் போவதில்லை. அந்த நேரத்தில் நிறம் மாறி, தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் இருக்கும் வரிகள் மட்டுமே போகும். வலப்பக்கம் வந்து சேர்ந்துவிட்டதாலேயே அது நம் தேர்வு என்று மனிதர்களாகிய நாம் எடுத்துக்கொள்கிறோம். உலாவிக்கு அந்தப் பொருள் தெரியாது. நீங்கள் எட்டு கன்டெய்னர்களை மாற்றிய பிறகு, எண்ணைச் சரிபார்ப்பதற்காக ஒரு வரியின் மேல் சொடுக்கினால், அந்த ஒரு வரி மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதாகிவிடும். மற்ற ஏழும் திரையில் கண்ணுக்குத் தெரிந்தபடியே விடுபட்டுப்போகும். எந்த வரியும் நிறம் மாறாத நிலையில் சேவ் கொடுத்தால் ஒன்றுமே போகாது.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். சில கன்டெய்னர்களை வலப்பக்கம் மாற்றுங்கள். மூன்றாவதாக இருப்பதை மட்டும் ஒருமுறை சொடுக்கிச் சேவ் கொடுங்கள். மறுபடி திறந்து பாருங்கள். மூன்றாவது மட்டும் இருந்தால் காரணம் இதுவேதான். மென்பொருளாளரிடம் சொல்லுங்கள்: படிவம் கிளம்பும் நொடிக்கு முன்னால் வலப்பக்கப் பட்டியலின் எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஜாங்கோ என்னும் பைத்தான் கட்டமைப்பின் நிர்வாகத் திரைகளில் இதே இரட்டைப் பட்டியல் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் நிரல் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைவிடச் சிறந்த வழி, தேர்வானவற்றின் கணக்கைத் திரையில் உள்ள பட்டியலிடம் விடாமல் நிரலுக்குள் தனியாக வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கையே அனுப்புவது. திரை என்பது அந்தக் கணக்கின் தோற்றம் மட்டுமே என்று ஆகிவிட்டால், எந்த வரியைச் சொடுக்கினாலும் கணக்கு மாறாது.

பதிவான பிறகு, "எட்டு கன்டெய்னர்கள் ஒதுக்கப்பட்டன" என்று எண்ணிக்கையோடு திரை சொல்ல வேண்டும் என்றும் கேட்டு வாங்குங்கள். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்ற வாசகம் ஒன்று பதிவானாலும் வரும், ஒன்றுமே பதிவாகாவிட்டாலும் வரும். ட்ரெய்லர் ஓட்டுநர் கேட்டில் போய் நின்ற பிறகுதான் கன்டெய்னர் ஒதுக்கப்படவில்லை என்று தெரியவருமானால், அந்த அரைநாள் கூலியின் இழப்பு அவருடையது. ஊழியருக்கு அழுத்தத் தெரியவில்லை என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

பாலிடெக்னிக் மாணவர், ராயபுரம்:
இந்த அமைப்புக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே? டிக் அடிக்கும் கட்டங்களை வைத்தாலே போதாதா? எப்போது எதைப் பயன்படுத்துவது?

பெயர்கள் பல. ஆரக்கிள் நிறுவனத்தின் ஏபெக்ஸில் ஷட்டில், பிரைம்ஃபேசஸில் பிக்லிஸ்ட், ஆன்ட் டிசைனில் டிரான்ஸ்ஃபர், சேல்ஸ்ஃபோர்ஸில் டூயல் லிஸ்ட்பாக்ஸ். எல்லாம் ஒரே பொருள்தான். நீங்கள் நிச்சயம் பார்த்திருக்கக்கூடிய ஓர் உதாரணம் மைக்ரோசாஃப்ட் வேர்டில் இருக்கிறது. மேலே உள்ள விரைவுக் கருவிப்பட்டையை மாற்றியமைக்கப் போனால், இடப்பக்கம் எல்லாக் கட்டளைகளும், வலப்பக்கம் பட்டையில் இப்போது இருப்பவையும், நடுவில் சேர், நீக்கு என்னும் இரண்டு பொத்தான்களும், வலது ஓரத்தில் வரிசையை மாற்ற மேல், கீழ் அம்புகளும் இருக்கும்.

அந்தத் திரையை நன்றாகக் கவனித்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, வரிசைப்படுத்தவும் வேண்டும். இருப்பவை நூற்றுக்கணக்கில், தேர்ந்தெடுப்பவை சில. தேர்ந்தெடுத்த அந்தச் சிலவும் ஒரே பார்வையில் கண்முன்னால் நிற்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வரும் இடத்தில்தான் இரட்டைப் பட்டியல் தன் இடத்துக்குத் தகுதி பெறுகிறது. பெருநகரச் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில், ஒரு கணக்கெடுப்புக் குழு எந்தெந்த வார்டுகளுக்கு எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்று குறிக்கும் திரையானால் இது பொருத்தம். 200 கட்டங்களில் டிக் அடித்துவிட்டு, எவற்றில் அடித்தோம் என்று மேலும் கீழும் உருட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு பெயர்களில் நான்கைத் தேர்வு செய்வதற்கு இதை வைப்பது வீண். ஒரு சொடுக்கில் முடிய வேண்டியதற்கு, வரியைத் தேர்ந்தெடுக்க ஒன்று, பொத்தானை அழுத்த இன்னொன்று என்று இரண்டு சொடுக்குகள் ஆகின்றன. இடமும் இரு மடங்கு. பயனருக்குத் தான் தேடுவதன் பெயர் முன்கூட்டியே தெரியும் என்றால், தட்டச்சு செய்யும்போதே பொருத்தமானவற்றைக் காட்டி, தேர்ந்தெடுத்ததைப் பெட்டிக்குக் கீழே அடுக்கும் முறை இரண்டையும்விட நல்லது. நான் பார்த்த இரட்டைப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றைக் கட்டங்களாகவே வைத்திருக்கலாம்.

பள்ளி ஆசிரியை, கொருக்குப்பேட்டை:
மாணவர்களைக் குழுக்களாகப் பிரிப்பதற்கு இப்படியொரு திரையைப் பயன்படுத்துகிறோம். பெயர்கள் தமிழில் இருக்கின்றன. அகர வரிசை என்று சொல்லிவிட்டு மனோகரனை மலர்விழிக்கு முன்னால் காட்டுகிறது. தேடும் கட்டத்தில் ஊரின் பெயரைத் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் வரியையே இல்லை என்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். தமிழில் வேலை செய்யும் எல்லோரையும் பாதிக்கும் கேள்வி இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் வரிசை. நாம் பள்ளியில் படித்த வரிசையில் இடையினம் ய, ர, ல, வ, ழ, ள என்று போய், வல்லின றகரமும் மெல்லின னகரமும் கடைசியில் நிற்கும். கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்ட எண்கள் அந்த வரிசையில் இல்லை. அங்கே நகரத்துக்கு அடுத்தே னகரம், ரகரத்துக்கு அடுத்தே றகரம், லகரத்துக்குப் பின் ளகரமும் ழகரமும், அதன் பிறகே வகரம். எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல், மனோகரன், மயில்வாகனன், மலர்விழி என்று அடுக்கும். நம் வகுப்புப் பதிவேட்டிலோ மனோகரன் மற்ற இருவருக்கும் பின்னால்தான் வருவார். கற்பகம் அதே காரணத்தால் கலாவுக்கும் கவிதாவுக்கும் முன்னால் போய் நிற்பார். மெய்யெழுத்திலும் இதே சிக்கல் உண்டு. புள்ளிக்குரிய எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், சக்திக்கு முன்னால் சகுந்தலா வந்துவிடுவார்; அகராதி முறைப்படி சக்திதான் முதலில்.

இதற்குப் புதிதாக நிரல் எழுத வேண்டியதில்லை. தமிழுக்குரிய ஒப்பீட்டு விதிகள் இன்றைய உலாவிகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்ல் கொலேட்டர்' என்னும் வசதியிடம் மொழி தமிழ் என்று சொன்னால் போதும். பெயர்கள் நம் மரபு வரிசையில் வந்துவிடும். மொழியைக் குறிப்பிடாமல் வெறுமனே வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்ததுதான் உங்கள் மென்பொருளின் குறை. திருத்தம் ஒரே வரி.

தேடலில் உள்ள பிழை இதைவிட நுட்பமானது. 'கொருக்குப்பேட்டை' என்னும் பெயரின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாகப் பதிய முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நிரலுக்கு அவை வெவ்வேறு நீளமுள்ள வெவ்வேறு சொற்கள். நீங்கள் ஒருவிதமாகத் தட்டுகிறீர்கள். தரவு இன்னொரு விதமாகப் பதிந்திருக்கிறது. பழைய எழுத்துரு முறைகளில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது இப்படிப் பிரிந்த குறிகள் புகுந்திருக்க வாய்ப்புண்டு. தேடும் சொல்லையும் தரவையும் ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடின் என்.எஃப்.சி. என்னும் ஒரே வடிவத்துக்கு இரண்டையும் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் அகன்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்பது அதற்குரிய கட்டளை.

அதுவும் தீர்க்காத ஒரு வகை உண்டு. 'சௌந்தர்யா' என்று எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் போட்டுவிடுகிறோம். பார்வைக்கு வேறுபாடு தெரிவதே இல்லை. இதை எந்த வடிவமாற்றமும் திருத்தாது, ஏனெனில் கணினியின் கணக்கில் அது உண்மையிலேயே வேறு எழுத்து. பெயர்களைப் பதிவு செய்யும் இடத்திலேயே பிடித்துத் திருத்துவதுதான் வழி. ஒரு மாணவியின் பெயர் தேடலில் அகப்படாமல் குழுப் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகும் என்றால், இந்தச் சிறு எழுத்துப் பிழைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும் சாதாரணம். வரியில் பெயருடன் வரிசை எண்ணையோ பிரிவையோ சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

வங்கி ஊழியர், வியாசர்பாடி:
நான் பார்வையற்றவன். என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானைக் கொண்டு வேலை செய்கிறேன். இந்த இரண்டு பட்டியல் திரையில், பொத்தானை அழுத்தியதும் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரிவதில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இதைப் பயன்படுத்தக்கூடியதாக ஆக்க முடியுமா?

ஐயா, முடியும் என்பது மட்டுமல்ல, ஆக்கியே தீர வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதியை உரிமையாகவே சொல்கிறது. உங்கள் கடிதத்தைத் திரை வடிவமைப்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டும்.

நீங்கள் படும் இடர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் உருவாகின்றன. அம்புக்குறி மட்டும் உள்ள பொத்தானுக்குப் பெயர் இருக்காது. வலதுபுற அம்புக்காக விசைப்பலகையின் '>' என்னும் ஒப்பீட்டுக் குறியைப் போட்டிருந்தால், திரைவாசிப்பான் அதைப் 'பெரியது' என்ற கணிதப் பொருளில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் போகும். 'தேர்ந்தெடுத்தவற்றைச் சேர்', 'தேர்ந்தெடுத்தவற்றை நீக்கு' என்று அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் சூட்ட வேண்டும். இரு பட்டியல்களுக்கும் தலைப்புகளை நிரலில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே வெறும் 'பட்டியல்' என்றுதான் ஒலிக்கும்.

அடுத்தது குவியம், அதாவது அழுத்தும் விசை திரையின் எந்த உறுப்புக்குப் போகும் என்ற இடம். ஒரு வரி இடப்பக்கத்திலிருந்து நீங்கியதும், விசைப்பலகையின் குவியம் நின்றிருந்த இடமே இல்லாமல் போகலாம். அப்போது குவியம் பக்கத்தின் தொடக்கத்துக்குத் தாவிவிடுகிறது. கண் தெரிந்தவர் சுட்டியை நகர்த்திக்கொள்வார். உங்களுக்கோ மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. நீங்கிய வரிக்கு அடுத்த வரியில் குவியம் நிற்கும்படி நிரல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நடந்ததை அறிவிப்பது. வலைப்பக்கத்தில் 'ஏரியா லைவ்' என்னும் குறிப்புள்ள பகுதியில் ஒரு வாசகத்தை எழுதினால், குவியம் எங்கே இருந்தாலும் திரைவாசிப்பான் அதை வாசிக்கும். 'இரண்டு கணக்குகள் சேர்க்கப்பட்டன, வலப்பக்கம் மொத்தம் ஐந்து' என்று அது சொன்னால் நீங்கள் பக்கத்து மேசையைக் கேட்க வேண்டியதில்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இரண்டு பட்டியல்களுக்கிடையே வரிகளை நகர்த்தும் முழு மாதிரியையே, விசைக் குறுக்குவழிகளுடன், தன் வழிகாட்டிப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. உங்கள் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதும்போது, அந்த மாதிரியைப் பின்பற்றும்படி கேளுங்கள். "சிரமமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதுவதைவிட அதற்குப் பலன் அதிகம்.

யார்டு மேற்பார்வையாளர், மணலி:
அலுவலகக் கணினியில் நன்றாக இருக்கும் திரை, கைப்பேசியில் திறந்தால் குலைந்துபோகிறது. விரலால் இழுத்துப் போடுவதும் வெயிலில் நின்றுகொண்டு செய்கிற வேலையாக இல்லை. கன்டெய்னர் எண்ணும் பாதிதான் தெரிகிறது.

கைப்பேசியில் இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பொருளே போய்விடுகிறது. அதோடு 'செலக்ட்' உறுப்பைக் கைப்பேசி உலாவிகள் பட்டியலாக விரித்துக் காட்டாமல், தட்டினால் திறக்கும் தெரிவாகச் சுருக்கிவிடுகின்றன. உங்களுக்குத் திரை குலைந்து தெரிவதன் காரணம் பெரும்பாலும் அதுதான். கைப்பேசிக்கு ஒரே பட்டியலும், ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டமும், மேலே 'தேர்ந்தெடுத்தவை 6' என்று தட்டினால் அவற்றை மட்டும் காட்டும் ஒரு பட்டையும் இருந்தால் போதும்.

இழுத்துப் போடுவதைப் பற்றி நீங்கள் சொல்வதை உலகத் தரமும் ஏற்கிறது. 2023 அக்டோபரில் வெளிவந்த வலை அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, இழுத்துச் செய்யும் எந்த வேலையையும் இழுக்காமல் தட்டியும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. தட்டும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கையுறையோடு யார்டில் நிற்பவருக்கு அதைப்போல் இரு மடங்கு கொடுத்தால்தான் சரியாக இருக்கும் என்பது என் கருத்து.

கன்டெய்னர் எண் முக்கியமான விஷயம். ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி அது நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்று மொத்தம் 11 இடங்கள் கொண்டது. ஒரே கம்பெனியின் கன்டெய்னர்களுக்கு முதல் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், வேறுபடுவது பின்பகுதிதான். குறுகிய பட்டியலில் வரியின் கடைசியை வெட்டிவிட்டுப் புள்ளிகள் போடும் வழக்கம், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய உதவும் பகுதியையே மறைத்துவிடுகிறது. எண் முழுவதும் தெரிய வேண்டும். இடம் போதாவிட்டால் சரக்கின் விவரத்தை அடுத்த வரிக்குத் தள்ளலாம். தேடலும் எண்ணின் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல், கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டினாலும் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே திருவொற்றியூர் வாசகரின் இரண்டாவது கேள்வி:
நானும் என் சக ஊழியரும் ஒரே நேரத்தில் திரையைத் திறந்து வைத்திருந்தால், ஒரே கன்டெய்னர் இரண்டு ட்ரெய்லர்களுக்கும் போய்விடுகிறது. அதைத் தடுக்க முடியுமா? ஒரு ட்ரெய்லருக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்கவும் வேண்டும்.

உங்கள் திரை, திறந்த நேரத்தின் நிலையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. சக ஊழியர் ஒதுக்கிய பிறகும் அந்தக் கன்டெய்னர் உங்கள் இடப்பக்கத்தில் நிற்கும். ஆகவே கடைசிச் சரிபார்ப்பு சர்வரில்தான் நடக்க வேண்டும். சேவ் செய்யும்போது வலப்பக்கப் பட்டியலை முழுமையாக அனுப்பிப் பழையதை அழித்து எழுதுவதற்குப் பதிலாக, எவை சேர்ந்தன, எவை நீங்கின என்ற மாற்றத்தை மட்டும் அனுப்புவது பாதுகாப்பு. அப்போது மோதல் இருந்தால், 'இந்த ஒன்று ஏற்கெனவே வேறு ட்ரெய்லருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது' என்று அதை மட்டும் திருப்பிவிட்டு, மற்றவற்றைப் பதிய முடியும்.

வரம்பைப் பொறுத்தவரை எண்ணிக்கை மட்டும் போதாது. 40 அடி ட்ரெய்லரில் 40 அடி கன்டெய்னர் ஒன்று ஏறும், அல்லது 20 அடி கன்டெய்னர்கள் இரண்டு ஏறும். ஆகவே வலப்பக்கத் தலைப்பில் எஞ்சிய இடத்தைக் காட்ட வேண்டும். வரம்பு நிறைந்ததும் பொத்தானை மங்கலாக்குவதோடு நிறுத்தாமல், ஏன் மங்கியது என்பதையும் எழுத வேண்டும். காரணம் தெரியாமல் மங்கிய பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்க்கலாம்.

நெட் சென்டர் நடத்துபவர், தண்டையார்பேட்டை:
தேடும் கட்டத்தில் எதையோ தட்டிச் சில வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தினால் எவை மாற வேண்டும்? வலப்பக்கத்திலிருந்து நீக்கியது இடப்பக்கத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும்?

கண்ணுக்குத் தெரிபவை மட்டுமே மாற வேண்டும். மறைந்திருக்கும் நூறு வரிகளும் சேர்ந்து போய்விட்டால், பயனர் தேடலை அழித்துப் பார்க்கும் வரை அது தெரியவே தெரியாது. பொத்தானிலேயே 'காணும் 7 வரிகளையும் சேர்' என்று எண்ணைப் போட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை. நீக்கிய வரி அகர வரிசையில் தனக்குரிய பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்; பட்டியலின் அடியில் போட்டால், தவறுதலாக நீக்கியவர் அதைத் தேடி அலைவார். தேடல் நடந்துகொண்டிருக்கும்போது நீக்கப்பட்ட வரி அந்தத் தேடலுக்குப் பொருந்தவில்லை என்றால், அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்; அப்போது மட்டும் 'இடப்பக்கம் சேர்க்கப்பட்டது, தேடலால் மறைந்துள்ளது' என்று ஒரு வரி காட்டினால் நல்லது.